சத்தியம் பண்ணாதவள்

வீரையனுக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரில் ஒரு பேர் உண்டு. பாபநாசத்துக்குக் கிழக்கே இருக்கிற அந்தச் சின்ன ஊரில் வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு என்றால் அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். "வீரையன் சொன்னா சரியா இருக்கும்" என்று இரண்டு தரப்பும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடும். நல்ல பேர்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தப் பேரைக் கொடுத்தவர்கள் யாரும் அவரைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தவில்லையே! அவர் மனைவி பிரகதாம்பாளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவருக்குப் பொய் வராது, வாஸ்தவம். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மென்று முழுங்குவதில் அவரை அடித்துக்கொள்ள தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஆள் கிடையாது.

கழுத்தில் வந்த கட்டியையும் அப்படித்தான் முழுங்கப் பார்த்தார். துண்டைச் சுற்றி மறைத்துக்கொண்டே திரிந்தார். கேட்டால் குறுவை அறுப்பு முடியட்டும் என்றார். அறுப்பு முடிந்ததும் சம்பாவுக்கு நாற்று விடட்டும் என்றார். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவரின் துண்டை பிரகதாம்பாள் வெடுக்கென்று உருவினாள். எலுமிச்சம்பழம் மாதிரி ஒன்று காதுக்குக் கீழே நின்றது. "அடப்பாவி மனுஷா!" என்று கத்தியவள், மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவரைத் தஞ்சாவூருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்துப் பார்த்து, லிம்ஃபோமா என்றார்கள். நிணநீர்ச் சுரப்பியில் வருகிற புற்றுநோய். டாக்டர் ஜெக்கரியா நல்ல மனிதர், நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். "பயப்படாதீங்கம்மா, இது மருந்துக்குக் கேக்கற ஜாதி. ஊசி ஒண்ணு இருக்கு, அதைச் சீக்கிரம் ஆரம்பிச்சா கட்டி கரைஞ்சுடும்" என்றார். பிறகு வீரையன் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இந்த ஊசி நல்ல ஊசிதான். ஆனா உடம்போட காவலைக் கொஞ்ச நாளைக்கு இறக்கி வச்சிடும். உள்ளே பழைய கிருமி ஏதாவது தூங்கிட்டிருந்தா முழிச்சுக்கும். முக்கியமா, காமாலை உண்டாக்கற பி வைரஸ். அது முழிச்சுக்கிட்டா கல்லீரலையே காலி பண்ணிடும். ஒரு ரத்த டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்திருக்கு. ஆனா அந்த டெஸ்ட் இப்ப இருக்கறதைத்தான் காட்டும், பழைய கதையை நீங்கதான் சொல்லணும். எப்பவாவது காமாலை வந்திருக்கா?"

"இல்லீங்க."

"நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டு, பத்தியம் கித்தியம் இருந்திருக்கீங்களா?"

"இல்லீங்க." இந்த இரண்டாவது இல்லீங்க, டாக்டர் கேட்டு முடிக்கும் முன்பே வந்துவிட்டது.

சரி, அடுத்த வாரம் ஊசியை ஆரம்பித்துவிடலாம் என்றார் டாக்டர். வீரையன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பிரகதாம்பாளுக்கு மட்டும் அந்தப் பத்தியம் என்ற வார்த்தை தொண்டையில் சிக்கின மீன்முள் மாதிரி நின்றுகொண்டது.

வருஷக்கணக்காக ஒருத்தருக்குச் சோறு வடித்துப் போட்டவளுக்குத் தெரியாதா, அவர் எதைத் தொடுவார், எதைத் தொடமாட்டார் என்று! வீரையன் கொடுத்ததைச் சாப்பிடுகிற ஆள். ஒன்றே ஒன்றைத் தவிர. அகத்திக்கீரை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஆசையாக வதக்கி வைத்தாள். இலையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கசப்பு ஆகாது என்றார். வேப்பம்பூ ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிக்கிற மனுஷனுக்கு அகத்தி மட்டும் கசக்குமா? அப்போதே கேட்டிருக்க வேண்டும். சின்னப் பெண், கேட்கவில்லை.

திருவையாற்றுப் பக்கம், குடமுருட்டிக் கரையில் ஒரு வீட்டில் காமாலைக்கு மருந்து கொடுப்பார்கள். டெல்டாவில் பாதிப் பேருக்கு அந்த வீடு தெரியும். பச்சிலையை அரைத்து ஆட்டுப்பாலில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பில்லாப் பத்தியம் கொஞ்ச நாளைக்குத்தான். ஆனால் ஆயுசுக்கும் இரண்டு கட்டுப்பாடு உண்டு. அகத்தியைத் தொடக்கூடாது, அது மருந்தை முறிக்கும். அப்புறம், காமாலை வந்தது, மருந்து வாங்கினது எதையும் வாயைத் திறந்து யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் மருந்து முறிந்து, போன காமாலை திரும்பி வந்துவிடும். கற்பூரத்தை ஏற்றி, அதை அணைத்துச் சத்தியம் செய்தால்தான் மருந்துக் கிண்ணத்தையே கையில் கொடுப்பார்கள்.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு இருவரும் நடந்தார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பிரகதாம்பாள் நேராகவே கேட்டாள்.

"ஏங்க, நீங்க காமாலைக்கு மருந்து வாங்கியிருக்கீங்களா?"

வீரையன் நாற்றங்காலைப் பார்த்தார். "நாத்து மஞ்சளிச்சுக் கெடக்கு பிரகதா. கொஞ்சம் யூரியா விசிறணும்."

"நாத்து மஞ்சளா இருக்கறது இருக்கட்டும். நீங்க எப்ப மஞ்சளா இருந்தீங்க?"

அவர் நின்றுவிட்டார். வாய் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். "தலையாட்டினா முறியாதில்ல?" என்று கேட்டாள். அவர் அதை நெல் மூட்டைக்கு ஈரப்பதம் பார்க்கிற மாதிரி தீவிரமாக யோசித்துப் பார்த்துவிட்டு, முறியாது என்று தலையாட்டினார்.

"கல்யாணத்துக்கு அப்புறமா?"

இல்லை என்று ஆட்டினார்.

"முன்னாடியா? நிச்சயம் பண்ணினதுக்கு அப்புறமா?"

ஆமாம் என்று தலை இறங்கியது. மாசியில் நிச்சயம், வைகாசியில் கல்யாணம். நடுவில் மாப்பிள்ளைக்குக் காமாலை. பெண் வீட்டுக்குத் தெரிந்தால் சம்பந்தம் கெட்டுவிடும் என்று இவர் அம்மா பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள். பிரகதாம்பாள் மதகுக் கட்டையில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷன்!

"நாளைக்கே போய் டாக்டர்கிட்ட சொல்றோம்" என்றாள்.

அப்போதுதான் வீரையன் வாயைத் திறந்தார். "வேணாம் பிரகதா. உடம்புல ஏற்கெனவே ஒண்ணு வந்து உக்காந்திருக்கு. வாயைத் தொறந்து இன்னொண்ணையும் எழுப்பி விடணுமா?"

"டாக்டரும் அதைத்தானே சொன்னாரு? சொல்லாம ஊசி போட்டா முழிச்சுக்கும்னு!"

"நான் சொல்றேன், சொன்னா முழிச்சுக்கும்னு."

பிரகதாம்பாள் படித்த வீட்டுப் பெண் இல்லை. அவளும் அதே ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தான். அந்த வீட்டு மருந்தில் பிழைத்தவர்களை அவளும் பார்த்திருக்கிறாள். ஒருவேளை இவர் சொல்வதுதான் சரியோ என்று தோன்றியது. சொன்னாலும் சாவு, சொல்லாவிட்டாலும் சாவு என்றால் மனுஷி எந்தப் பக்கம் போவாள்? இரண்டு நாள் அடுப்படியில் நின்று இதையே அரைத்தாள். குழம்பில் உப்புப் போட்டோமா இல்லையா என்பதுகூட மறந்துபோனது. அவரும் உப்பில்லாக் குழம்பை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சுரீர் என்றது. இந்த மனுஷன் எதையும் சொல்லாமலே செத்துப்போவார். நான் பார்த்துக்கொண்டு நிற்பேனா?

"இந்தாங்க, கேளுங்க" என்றாள். "கற்பூரத்தை அணைச்சது நீங்கதானே? நான் ஒண்ணும் சத்தியம் பண்ணலையே. நீங்க வாயையே தொறக்க வேணாம். நான் சொல்றேன்."

வீரையன் அவளை முறைத்தார். ஆனால் அந்த வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அவருக்கும் பிடிபடவில்லை.

டாக்டர் அறையில் பிரகதாம்பாள் மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். நிச்சயதார்த்தம், காமாலை, ஆட்டுப்பால், அகத்தி, கற்பூரம் ஒன்றையும் விடவில்லை. வீரையன் துண்டின் நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஜெக்கரியா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "நீங்க பேச வேணாங்கய்யா. உங்க ரத்தத்தைக் கேட்டுக்கறேன். அது யாருக்கும் சத்தியம் பண்ணிக் கொடுக்கலை" என்று வேறொரு டெஸ்ட் எழுதினார்.

சாயங்காலமே முடிவு வந்தது. பி வைரஸ் எப்போதோ அந்த உடம்புக்குள் வந்து போன தடம் இருக்கிறது என்றார்கள். ஊசி இப்போதைக்கு இல்லை, கொஞ்சம் தள்ளிப் போடுவோம் என்றார்கள்.

வெளியே வந்ததும் வீரையன் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "முந்தாநாள் வரைக்கும் ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க. நீ சொன்னே. வந்துடுச்சு." அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். நானே என் தாலிக்கு உலை வைத்துவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அவர்களை வித்யாலக்ஷ்மியிடம் அனுப்பினார் டாக்டர். ரத்த அணுக்களுக்குள் வைரஸ் ஒளிந்திருக்கிறதா என்று ஆராய்ச்சி செய்கிற பெண். கண்ணாடி போட்டு, வெள்ளைக் கோட்டின் கையை மடித்து விட்டுக்கொண்டு சுறுசுறுப்பாக இருந்தாள். வீரையன் கையில் ரத்தம் எடுத்து, ஒரு குழாயில் விட்டு, மெஷினில் வைத்துச் சுற்றினாள். வெளியே எடுத்துக் காட்டினாள். மேலே வெளிர் மஞ்சளாகத் தெளிநீர், அடியில் சிவப்பாக வண்டல், நடுவில் ஆடை மாதிரி மெல்லிசாக ஒரு வெள்ளைப் படலம்.

"பாருங்கம்மா, மேலே இருக்கற இந்தத் தெளிநீரைப் பார்த்தாச்சு, இதுல வைரஸ் இல்லை. நடுவுல வெள்ளையா இருக்கு பாருங்க, இது வெள்ளை அணுக்கள். சில பேருக்கு வைரஸ் இதுக்குள்ள போய்ப் பதுங்கிக்கும். மேலே பார்த்தா தெரியாது. நான் இதைத் தனியாப் பிரிச்சு உள்ளே தேடப் போறேன். இருக்கா, இருந்தா சும்மா கெடக்குதா, இல்லை வேலையை ஆரம்பிச்சுடுச்சான்னு பார்க்கணும்."

பிரகதாம்பாள் குழாயை உற்றுப் பார்த்தாள். "கோரைக் கெழங்கு மாதிரியா? மேலே களை பறிச்சாச்சு, வயல் சுத்தமாத்தான் தெரியும். சேத்துக்குள்ள கெழங்கு கெடக்கும்."

"அதேதான்! கெழங்கு கெடந்தா பரவாயில்லை. முளை விட்டிருக்கான்னுதான் தெரியணும்."

"முளை விட்டிருந்தா?"

"முதல்ல அதை அடக்கணும். அதுவரைக்கும் கட்டிக்குக் கொடுக்கற ஊசி காத்திருக்கணும்."

கட்டி காத்திருக்குமா என்று பிரகதாம்பாள் கேட்கவில்லை. அது வளர்வது அவள் கண்ணெதிரேயே தெரிந்தது. கேட்டது வேறு. குரலைத் தாழ்த்தி, கணவர் காதில் விழாமல் கேட்டாள். "ஏம்மா, சத்தியத்தை மீறிச் சொன்னதால அது முளைச்சிருக்குமா?"

வித்யாலக்ஷ்மி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியமா இல்லம்மா" என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்து அவளே சிரித்துவிட்டாள். பிரகதாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. கிளம்புகிற நேரத்தில், வீட்டில் எல்லாரும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது என்று அவளிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டாள் அந்தப் பெண். பாபநாசத்தில் டீச்சராக இருக்கிற மகள் சுடர்விழியையும், சிங்கப்பூரில் இருக்கிற மகன் ராம்கியையும் அங்கங்கே ரத்தம் பார்த்து ரிப்போர்ட்டை போனில் அனுப்பச் சொன்னாள்.

அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அந்த ஒரு வாரம் போன விதம் பிரகதாம்பாளுக்குத்தான் தெரியும். வீரையன் அவளோடு பேசவில்லை. சண்டை போட்டுப் பேசாமல் இருந்தால் அது ஒரு மாதிரி. இது அப்படி இல்லை. இருக்கிற நாளைக் கணக்குப் போட்டு உட்கார்ந்திருக்கிற மௌனம். நடவுக்கு ஆள் வந்திருந்தார்கள். இவள் வரப்பில் நின்று நாற்று முடிச்சுகளை எடுத்துப் போடுவாள், மனசு வீட்டில் இருக்கும். வேண்டாத தெய்வம் இல்லை. குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தாள். பக்கத்து வயல்காரி சொன்னாள் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கும் ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். தினம் காலையில் அவர் வாசலில் பல் விளக்குகிறபோது செம்பில் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் போய் நிற்பாள். வெயிலில் அவர் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பாள்.

ஒரு நாள் அவர் கண்டுபிடித்துவிட்டார். செம்பை வாங்காமல், முகத்தை அவள் பக்கம் நன்றாகத் திருப்பி, கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார்.

"எப்படி இருக்கு?"

"வெள்ளையாத்தான் இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள். அதற்கு மேல் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் பயந்துபோய், "ஏய், வெள்ளையாத்தானே இருக்குன்னே?" என்று மறுபடி கேட்டார்.

சொன்ன நாளில் போனார்கள். டாக்டர் ஜெக்கரியாவின் அறையில் வித்யாலக்ஷ்மியும் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேராக உட்கார்ந்திருக்கிறார்களே, கெட்ட சேதிதான் என்று முடிவே கட்டிவிட்டாள் பிரகதாம்பாள்.

"இருக்கும்மா" என்றாள் வித்யாலக்ஷ்மி. "வெள்ளை அணுக்களுக்குள்ள வைரஸ் இருக்கு."

பிரகதாம்பாளுக்குக் காது அடைத்துக்கொண்டது. அந்தப் பெண் உதடு அசைவது தெரிந்தது, என்ன சொல்கிறாள் என்று விழவில்லை. டாக்டர் மேசையைத் தட்டினார். "அம்மா, அம்மா, முழுசாக் கேளுங்க! இருக்கு, ஆனா தூங்குது. கெழங்கு கெடக்கு, முளை இல்லை. ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. வேலை எதுவும் செய்யலை."

"முளை இல்லையா?"

"ஒரு நுனிகூட இல்லை. இன்னைக்கே ஒரு மாத்திரை ஆரம்பிச்சுடறோம், தினம் ஒண்ணு. ஊசி முடிஞ்சும் ரொம்ப நாளைக்கு அதை விடக்கூடாது. அது இருக்கற வரைக்கும் வைரஸ் எந்திரிக்காமப் பார்த்துக்கும், நாங்களும் அப்பப்ப ரத்தத்தைப் பார்த்துக்கிட்டே இருப்போம். நாளைக்கு வந்து அட்மிட் ஆயிடுங்க. ஊசியை ஆரம்பிச்சுடலாம்."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. பிரகதாம்பாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். "வயித்துல பால வாத்தீங்க சாமி, நல்லா இருப்பீங்க" என்று மட்டும் எப்படியோ சொல்லி முடித்தாள்.

வீரையன் அசையவில்லை. காலண்டரிலிருந்து கண்ணை எடுத்து, அன்றுதான் முதல் தடவையாக டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டார். "இவ சொல்லிட்டா. அப்பவும் அது முழிச்சுக்கலையா?"

"ஐயா, அவங்க சொன்னதாலதான் இனிமேலும் முழிச்சுக்காது. சொல்லாம விட்டிருந்தா, மாத்திரை இல்லாமலே ஊசியைப் போட்டிருப்பேன். கட்டி கரைஞ்சிருக்கும். கல்லீரலும் கூடவே போயிருக்கும். என் கையாலேயே உங்களுக்கு..." டாக்டர் மேலே சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருக்கும் நெஞ்சுக்குள் ஒரு மூட்டை இறங்கியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

வீரையன் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். என்னமோ சொல்ல வந்தார். வழக்கம்போல முழுங்கினார்.

"இன்னொரு சமாச்சாரம்" என்றாள் வித்யாலக்ஷ்மி, கம்ப்யூட்டரைத் திருப்பிக்கொண்டே. "உங்க பொண்ணு, பையன் ரெண்டு பேர் ரிப்போர்ட்டும் வந்துடுச்சு. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே இல்லை. தடுப்பூசி மட்டும் போட்டுக்கச் சொல்லுங்க. ஆனா அம்மா, உங்களுக்கு வந்திருக்கு."

"எனக்கா?"

"பயப்படாதீங்க, எப்பவோ வந்துட்டுப் போயிடுச்சு. உங்க உடம்பே அதை அடிச்சுத் துரத்தி, இனிமே வராதபடிக்குக் காவலும் போட்டு வச்சிருக்கு. ஐயாவுக்கு நோய் வந்த கொஞ்ச நாள்லயே கல்யாணம் ஆச்சுன்னீங்களே, அப்ப அவர்கிட்டேருந்து வந்திருக்கலாம். கல்யாணமான புதுசுல உடம்புக்கு ஏதாவது வந்துச்சா? காய்ச்சல், வாந்தி, சாப்பாடு பிடிக்காமப் போறது?"

பிரகதாம்பாள் வாயைப் பிளந்தாள்.

ஐயோ, அந்த ஆடி! புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துக்கொண்டு போகிற வழக்கப்படி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். போன சில நாளில் சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. எழுந்தால் வாந்தி, படுத்தால் அசதி. அம்மா வீட்டில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். மசக்கை என்று முடிவு கட்டி மாங்காய் வாங்கிக் கொடுத்தார்கள். சேதி மாமியார் வீட்டுக்குப் போய், வீரையனின் அக்கா தங்கம்மாள் ஒரு தூக்கு நிறையப் புளிச்சாதமும் மல்லிகைப்பூவுமாக வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அப்புறம் பார்த்தால் மசக்கையும் இல்லை, ஒன்றும் இல்லை. தானாக உடம்பு தேறிவிட்டது. பிடித்தது சனியன். வேலைக்குச் சோம்பி அம்மா வீட்டில் உட்கார்ந்துகொள்ள மசக்கை என்று நாடகமாடினாள் என்று மாமியார் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கம்மாள் அதை இன்னும் விடவில்லை. காதுகுத்தோ கல்யாணமோ, பந்தியில் இலையில் மாங்காய் ஊறுகாய் விழுந்ததும், "எங்க பிரகதாவுக்கு ரெண்டு துண்டு சேத்து வைங்கப்பா, மசக்கைக்காரி" என்று சபையில் சத்தமாகச் சொல்லுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் பிரகதாம்பாள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவாள். தான் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அது என்னவென்று தெரியாததால் வாய் அடைத்துப்போய் இருந்தாள்.

எல்லாவற்றையும் டாக்டர்கள் முன்னால் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "நாடகம் இல்லடி அம்மா. நாடகம் இல்ல. நெசமாத்தான் நோவு" என்று வித்யாலக்ஷ்மியின் கையைப் பிடித்து உலுக்கினாள். "பத்தியமும் இல்ல, மருந்தும் இல்ல. மாங்கா தின்னே துரத்தியிருக்கேன் பாரு!"

வீரையன் எழுந்து வெளியே போய்விட்டார். மனுஷனுக்குக் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பிரகதாம்பாள் மாத்திரைச் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்து பின்னாலேயே வந்தாள். வராந்தாவில் வரிசையாக நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நின்றுகொண்டு வீரையன் செல்போனைக் காதில் வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும், என்ன நினைத்தாரோ, காதிலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"யாரு, தம்பியா? டாக்டர் என்னடா சொன்னாரு?" என்றது தங்கம்மாளின் குரல்.

"நான் பொழைச்சுக்கிட்டேன் அக்கா. அது இருக்கட்டும். நீ ஒண்ணு கேளு. நல்லாக் கேட்டுக்க." வீரையனுக்கு மூச்சு வாங்கியது. நெற்றியில் வேர்த்தது. அவர் இடது கை கழுத்துத் துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. வேண்டாம் விடுங்க என்று சொல்ல பிரகதாம்பாள் வாயெடுத்தாள். அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்குக் காமாலை வந்துச்சு. ஆத்தங்கரை வீட்டுல மருந்து வாங்கினேன். கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணினேன். அம்மாவுக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

"தம்பி..." என்று இழுத்தாள் தங்கம்மாள்.

"அந்த ஆடியில பிரகதாவுக்கு வந்தது மசக்கை இல்ல. என் நோய். நான் கொடுத்த நோய். அவ ஒரு பொய்யும் சொல்லலை. நாமதான் சொன்னோம். இனிமே சபையில அவளைப் பத்தி அந்தப் பேச்சு வந்துச்சு, நான் எந்திரிச்சு நின்னு இதைச் சொல்லுவேன். இலையில உக்காந்திருக்கற எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுவேன்."

வராந்தா முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பிரகதாம்பாள் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்து, "ஐயா, இது ஆஸ்பத்திரி. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று அதட்டினாள்.

"கொஞ்சம் பொறும்மா" என்றார் வீரையன், குரலைத் தணிக்காமலே. "இன்னைக்குத்தான் பேசறேன்."